தபால் வேலைநிறுத்தம்: அந்த ஒரு கிழமை யாருக்கு வலித்தது?

களப்புக்காரன் | ஆகஸ்ட் 26, இரவு 9.12

யூனியன்காரர் யாரும் தலைப்பைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வர வேண்டாம். எரிச்சலில்தான் எழுதுகிறேன், அதை ஒளிக்கவில்லை.

என் தங்கச்சிக்கு ஒரு அரச நிறுவனத்தில் நேர்முகப் பரீட்சை. திகதி ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை. அழைப்புக் கடிதம் பதிவுத் தபாலில் இன்றுதான் வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "ஸ்ட்ரைக்கால பிந்திப்போச்சு தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அவள் படலையடியில் நின்றபடியே உடைத்து வாசித்தாளாம். இரண்டு வருடமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தவள்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: தபால் ஊழியரின் வேலைநிறுத்தம் 2025 ஆகஸ்ட் 17ஆம் திகதி ஞாயிறு பின்னேரம் கொழும்பு மத்திய தபால் பரிமாற்றகத்தில் தொடங்கியது, அடுத்த நாள் நாடு முழுவதும் பரவியது, 24ஆம் திகதி முடிந்தது. 19 கோரிக்கைகள். மற்றவற்றைப் பேசலாம், வரவைப் பதியும் கைவிரல் ரேகை இயந்திரத்திலும் ஓவர்டைமிலும் மட்டும் இறங்கி வர மாட்டோம் என்று அமைச்சர் நளிந்த ஜயதிஸ்ஸ ஒரே பிடியாக நின்றார். இயந்திரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இவர்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

அமைச்சருக்கு இந்தக் கிழமை என்ன நட்டம்? கொழும்பில் ஒரு கம்பனிக்கு என்ன நட்டம்? அவர்களுக்கு எல்லாம் கைபேசியில் வருகிறது. நட்டப்பட்டது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிற என் தங்கச்சி மாதிரி ஆட்கள்தான். இதை எப்படிப் போராட்டம் என்று சொல்வது?

மருதமுனை_சாரம் | ஆகஸ்ட் 26, இரவு 9.40

எனக்கும் நட்டம் தம்பி. கைத்தறிச் சாரமும் சேலையும் முகநூலில் விற்கிறேன். பொருள் கையில் கிடைத்த பிறகு காசு கொடுக்கிற முறையில்தான் பெரும்பாலும் அனுப்புவது. 16ஆம் திகதி சனிக்கிழமை போட்ட பார்சல்கள் 25ஆம் திகதி வரைக்கும் எங்கே கிடந்தன என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். வாங்கின ஆட்கள் என்னைத்தான் கள்ளன் என்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டுக்கு அனுப்பிய சேலை, கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தனியார் கூரியருக்கு மாறலாம் என்று விசாரித்தேன். கல்முனை, மட்டக்களப்பு டவுன் என்றால் பிரச்சினையில்லை. வெல்லாவெளிப் பக்கம் ஒரு முகவரியைச் சொன்னதும், "அங்கெல்லாம் வர ஏலாது, களுவாஞ்சிக்குடிச் சந்திக்கு வந்து எடுக்கச் சொல்லுங்கள்" என்றார்கள். தபால்காரர் மட்டும்தான் சைக்கிளை உருட்டிக்கொண்டாவது போய்ச் சேருகிறார். அதனால் திட்டவும் மனமில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

சும்மா_ஒருவன் | ஆகஸ்ட் 26, இரவு 9.48

போன வருடம் பாராளுமன்றத் தேர்தலில் எல்லா மாவட்டமும் ஆளும் கட்சியின் திசைகாட்டிக்குப் போட்டது, மட்டக்களப்பு மட்டும் தமிழரசுக் கட்சியின் வீட்டுக்குப் போட்டது. அதுதான் நமக்குக் கடிதம் பிந்துது போல 😄

பழைய_கந்தோர் | ஆகஸ்ட் 26, இரவு 11.05

தம்பி களப்புக்காரன், நான் ஓய்வுபெற்ற தபாலதிபர். தங்கச்சியின் விஷயம் கவலையானது. அதைப் பற்றிக் கடைசியில் ஒன்று கேட்கிறேன், அதற்கு முதல் கொஞ்சம் பழைய கதை.

நான் 1978இல் சேர்ந்தேன். சேர்ந்து மூன்றாம் மாதம் நவம்பர் 23 சூறாவளி. கந்தோர்க் கூரை பறந்துவிட்டது. தபால் சாக்குகளை மேசைக்குக் கீழே தள்ளி, மேலே எங்கள் சாரத்தை விரித்துப் போட்டுக் காத்தோம். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. தபால் ஊழியன் கடிதத்தை ஒரு கிழமை சும்மா கிடக்க விடுவது அவனுக்கே லேசான காரியமில்லை என்று சொல்ல வருகிறேன்.

1980 ஜூலையில் பெரிய வேலைநிறுத்தம். சம்பளத்தில் 300 ரூபாய் கூட்டிக் கேட்டார்கள். ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் அதற்கு முந்திய வருடமே அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டத்தைக் கொண்டுவந்து தயாராக வைத்திருந்தது. வராதவன் பதவியைத் தானாகவே விட்டுப் போனவன் என்று கணக்குப் போட்டார்கள். ஏறக்குறைய 40,000 பேருக்கு வேலை போனது. ரயில்வே, தபால், லிகிதர் என்று எல்லாத் திணைக்களத்து ஆட்களும் அதில் இருந்தார்கள்.

எனக்குத் தகுதிகாண் காலம் முடியவில்லை. நான் இறங்கவில்லை. என்னோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்த சிநேகிதன் இறங்கினான். அவன் வாழைச்சேனையில் மீன் ஏலம் கூறிப் பிழைத்தான். வருடக்கணக்கில் அலைந்த பிறகுதான் திருப்பி எடுத்தார்கள். வழியில் கண்டால் அவன் சிரிப்பான். நான்தான் கடைப்பக்கம் திரும்பிப் பொருள் பார்க்கிற மாதிரி நிற்பேன்.

இப்போது தம்பி கேட்ட கேள்வி. அமைச்சருக்கு ஏன் வலிக்கவில்லை? 1980 வரைக்கும் தபாலும் தொலைத்தொடர்பும் ஒரே திணைக்களம். தந்தியும் ரங்க் அழைப்பும் (வெளியூர்த் தொலைபேசி அழைப்பு) எங்கள் கையில். அது நின்றால் வங்கி கத்தும், தேயிலைக் கம்பனி கத்தும், துறைமுகம் கத்தும். அரசாங்கத்துக்கு அன்றைக்கே கேட்கும். அந்த வருடமே இரண்டையும் பிரித்தார்கள். தொலைத்தொடர்பு 1991இல் கூட்டுத்தாபனமானது. 1997இல் ஜப்பானின் என்.ரி.ரி. நிறுவனம் அதில் 35 வீதம் வாங்கியது. காசு ஓடுகிற கம்பி அந்தப் பக்கம் போனது, எங்களுக்குச் சாக்கு மிஞ்சியது. சாக்குக்குள் இருப்பது யாருடைய கடிதம்? உங்கள் தங்கச்சியுடையது.

சரி, கேட்க வந்தது: அந்தக் கடித உறையை வீசிவிட்டீர்களா?

களப்புக்காரன் | ஆகஸ்ட் 26, இரவு 11.20

வீட்டில் இருக்கும் ஐயா. நான் டவுனில் இருக்கிறேன், நாளைக்குத்தான் போவேன். ஏன்?

பழைய_கந்தோர் | ஆகஸ்ட் 26, இரவு 11.23

போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். முன்பக்க முத்திரைத் திகதி, பின்பக்க முத்திரைத் திகதி, கடிதத்துக்குள் இருக்கிற திகதி. மூன்றும் வேண்டும்.

வாகரைப்_பொடியன் | ஆகஸ்ட் 27, காலை 6.30

ஐயா சொல்வது எல்லாம் சரி. ஆனால் கைவிரல் வைக்க என்ன பயம்? பிரதேச செயலகத்தில் வைக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் வைக்கிறார்கள். ஒழுங்காக வேலைக்கு வருகிறவனுக்கு இயந்திரம் நல்லதுதானே. மக்கள் ஆதரவு இல்லாமல் போனதே இந்த ஒரு கோரிக்கையால்தான். என் கடைக்கு வந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் சொன்னது, "விரல் வைக்கப் பஞ்சியில ஸ்ட்ரைக் அடிக்கிறானுகள்" என்றுதான்.

முன்னறைக்_கந்தோர் | ஆகஸ்ட் 27, பகல் 1.15

நான் அம்பாறை மாவட்டத்தில், கல்முனைக்குத் தெற்கே ஓர் உப தபாலதிபர். பெண். ஊர்ப் பெயர் கேட்க வேண்டாம்.

வாகரைத் தம்பிக்கு: என்னிடம் இயந்திரமே இல்லை. என் வீட்டு முன்னறைதான் கந்தோர். அரசாங்கம் இயந்திரம் தந்தால் கட்டிலிலிருந்து எட்டு அடி நடந்து விரல் வைத்துவிட்டுத் திரும்பி வந்து தேத்தண்ணி குடிப்பேன். எனக்குப் பயமில்லை. யூனியன் அதைக் கோரிக்கைப் பட்டியலின் தலைப்பு மாதிரி ஆக்கியது பெரிய பிழை என்று நானே கூட்டத்தில் சொன்னேன்.

ஆனால் ஓவர்டைம் வேறு கதை. ஓய்வுபெற்றுப் போகிறவர்களின் இடத்துக்கு ஆள் போடுவது குறைவு. எங்கள் பக்கம் ஒரு தபால்காரர் தன்னுடைய பகுதியையும் பார்த்து, ஆளில்லாத அடுத்த பகுதியையும் பார்க்கிறார். அந்த இரண்டாவது பகுதிக்குத்தான் ஓவர்டைம் என்று பெயர். வெளியில் இருந்து பார்த்தால் நேரத்தை நீட்டிக் காசு எடுக்கிற மாதிரித் தெரியும். ஆள் போடுங்கள், ஓவர்டைம் தானாகக் குறையும். அப்படிச் செய்தால் ஓவர்டைமை நம்பிக் கடன் எடுத்தவர்களுக்கு அடி விழும் என்பதும் உண்மை. அடிப்படைச் சம்பளத்தால் மட்டும் வீடு ஓடுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. இந்த வருட வரவு செலவுத் திட்டத்தில் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250இலிருந்து 40,000 ஆக்கினார்கள், அது நல்லதுதான், ஆனால் மூன்று வருடத்துக்குப் பிரித்துப் பிரித்துத்தான் கைக்கு வரும்.

இன்னொன்று. இயந்திரம் ஆள் கந்தோருக்கு வந்த நேரத்தைச் சொல்லும். குருமண்வெளியில் வாவியைக் கடக்கிற மண்டூர்ப் பாதைப் படகு வரும்வரை கரையில் காய்கிற நேரத்தையும், வெள்ளத்தில் சைக்கிளைத் தோளில் வைத்து நடக்கிற நேரத்தையும் அது சொல்லாது. பின்னேரம் ஆள் திரும்பி வரப் பிந்தினால், ஏன் பிந்தினாய் என்று விளக்கக் கடிதம் எழுத வேண்டும். பயம் அதுதான். அதை ஒழுங்காகச் சொல்ல எங்கள் பக்கம் வாய் இல்லை. அறிக்கைகள் கொழும்பிலிருந்து சிங்களத்தில் வாட்ஸ்அப்பில் வரும். நான் தமிழில் எழுதி எங்கள் குழுவில் போடுவேன். சில நேரம் நான் எழுதி முடிக்க முதல் அடுத்த அறிக்கை வந்துவிடும்.

நானும் மூடினேன். பை வரவில்லை, திறந்தாலும் செய்ய ஒன்றுமில்லை. மூன்றாம் நாள், முதியோர் காசு எடுக்கிற ஒரு வயதான மாமி குசினிக் கதவால் வந்து, "என்ட காசு வந்திட்டா மகள்?" என்று கேட்டா. இல்லை, வேலைநிறுத்தம் என்றேன். யாரோடு கோபம் என்று கேட்டா. அரசாங்கத்தோடு என்றேன். "அப்ப எனக்கு ஏன் தராம வெச்சிருக்காய்?" என்றா. என் பையிலிருந்து ஆயிரம் ரூபாய் கொடுத்து அனுப்பினேன். இன்னும் திருப்பித் தரவில்லை, நான் கேட்கவும் மாட்டேன்.

மருதமுனை_சாரம் | ஆகஸ்ட் 27, பகல் 1.50

மாமி கேட்ட கேள்விக்கு யூனியன் தலைவர்கள் பதில் சொல்லட்டும். பத்துப் பக்க அறிக்கை எழுதுகிறவர்களால் இதற்குப் பதில் எழுத ஏலாது.

சட்டப்_புத்தகம் | ஆகஸ்ட் 27, பின்னேரம் 4.30

இவர்கள் ஏன் எதற்கெடுத்தாலும் வேலைநிறுத்தத்துக்கே போகிறார்கள் என்று வெளியாட்களுக்கு விளங்குவதில்லை. காரணம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

தனியார் கம்பனியில் தகராறு வந்தால் 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குச் சட்டம் இருக்கிறது. தொழில் ஆணையாளர், இணக்கப் பேச்சு, நடுத்தீர்ப்பு, தொழில் நியாய மன்றம் என்று படிப்படியாகப் போகலாம். ஆனால் அதே சட்டத்தின் 49ஆம் பிரிவு, அரசாங்கம் முதலாளியாக இருக்கிற இடத்தில் இந்தச் சட்டம் செல்லாது என்று சொல்லிவிடுகிறது. அரச ஊழியருக்கு நடுவில் உட்கார்ந்து பேச ஒரு மூன்றாம் ஆள் சட்டப்படி இல்லை. தனியாளுக்கு முறைப்பாடு என்றால் பொதுச் சேவை ஆணைக்குழு இருக்கிறது. கூட்டமாகச் சம்பளம் கேட்க வேண்டுமென்றால் அமைச்சரின் கதவு மட்டும்தான். அமைச்சர் திறக்காவிட்டால் தெரு.

1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் பதியலாம். தபாலுக்குள் தரத்துக்கொரு சங்கம் இருப்பது அதனால்தான். தபாலதிபருக்கு ஒன்று, தபால்காரருக்கு ஒன்று, உப தபாலதிபருக்கு வேறொன்று. அரசியல் கட்சிக்கும் ஒவ்வொன்று. எல்லாரும் சேரும்போது கோரிக்கைப் பட்டியலும் நீளும், யாருடையதையும் வெட்ட முடியாது. பத்தொன்பது கோரிக்கை வந்தது இப்படித்தான்.

சம்பளம் கேட்டு வழக்குப் போடுவதும் ஒரு காலத்தில் முடியாது. சிங்களப் பரீட்சை எழுத மறுத்ததால் சம்பள உயர்ச்சி நிறுத்தப்பட்ட கோடீஸ்வரன் என்ற தமிழ் எழுதுவினைஞர் போட்ட வழக்கில், அரச ஊழியன் சம்பளத்துக்காக அரசின் மேல் வழக்குத் தொடுக்கவே முடியாது என்று உயர் நீதிமன்றம் 1967இல் சொன்னது. 1969இல் இலண்டன் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்)தான் அதை மாற்றி, தொடுக்கலாம் என்றது. கூட்டாகப் பேசும் உரிமை விஷயத்தில் நாங்கள் இன்னும் அந்த 1967இல்தான் நிற்கிறோம் என்று நான் நினைக்கிறேன். கருத்துத்தான், தீர்ப்பல்ல.

வாகரைப்_பொடியன் | ஆகஸ்ட் 27, பின்னேரம் 5.02

அதெல்லாம் எனக்குத் தெரியாது அண்ணன். ஆனால் 2018 ஜூனில் இரண்டு கிழமைக்கு மேல் அடித்தார்கள், அமைச்சர் ஹலீம் காலத்தில். 2023 நவம்பரில் 48 மணிநேரம், நுவரெலியாத் தபாலகத்தை ஹோட்டலுக்குக் கொடுக்கப் பார்த்ததற்கு. பிறகு இது. அப்புறம் எப்போது?

சட்டப்_புத்தகம் | ஆகஸ்ட் 27, பின்னேரம் 5.15

நுவரெலியாவை இதோடு சேர்க்காதீர்கள். அது 1894இல் கட்டின கட்டடம், ஊருக்கே அடையாளம். அந்த 48 மணிநேரத்துக்காகத் தபால் சேவையை அத்தியாவசிய சேவை என்று வர்த்தமானி அடித்தார்கள். முத்திரை விலையை 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக ஏற்றும்போது மட்டும் அது எந்த ஏழைக்கு அத்தியாவசியம் என்று யாரும் கேட்கவில்லை.

சித்திரை_61 | ஆகஸ்ட் 27, இரவு 8.10

தபால் என்று வந்ததால் ஒன்று. சிங்களம் மட்டும் சட்டத்துக்கு எதிரான 1961 சத்தியாக்கிரகத்தில் யாழ்ப்பாணக் கச்சேரி (அரசாங்க அதிபர் அலுவலகம்) மாதிரியே மட்டக்களப்புக் கச்சேரி வாசலிலும் எங்கள் ஆட்கள் இருந்தார்கள். சித்திரை 14ஆம் திகதி தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வா யாழ்ப்பாணத்தில் தமிழரசுத் தபால் சேவையைத் தொடங்கி முத்திரை விற்றார். அதுவரை பொறுத்திருந்த அரசாங்கம் மூன்று நாளில் அவசரகாலச் சட்டம் போட்டு இராணுவத்தை இறக்கியது. மாதக்கணக்கில் மறியல் செய்தும் வராத கோபம் ஒரு முத்திரையால் வந்தது. முத்திரை அடிக்கிறவனைத்தான் அரசாங்கம் என்று சனம் நினைக்கும்.

மட்டுறுத்துநர் | ஆகஸ்ட் 27, இரவு 8.25

சித்திரை_61 அண்ணன், நல்ல விஷயம், ஆனால் இதற்குத் தனி இழை திறவுங்கள். போன முறை மாட்டு வண்டிச் சவாரி இழை எங்கே போய் முடிந்தது என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

ஸ்காபரோ_தம்பி | ஆகஸ்ட் 28, அதிகாலை 4.40

நான் ஆரையம்பதி. இப்போது ரொறன்ரோவில் கனடா போஸ்ட்டில் வேலை. போன வருடம் நவம்பர் 15 முதல் ஒரு மாதம் நாங்களும் இறங்கினோம், 55,000 பேர். டிசம்பர் 17இல் அரசாங்கம் தொழில் உறவுச் சபை மூலம் உத்தரவு போட்டுத் திருப்பி அனுப்பியது. குளிரில் பதாகையோடு நின்ற ஞாபகம் விரலில் இன்னும் இருக்கிறது.

முன்னறைக்_கந்தோர் அக்காவின் மாமி கதையை வாசித்ததும் எழுத வேண்டும்போல் இருந்தது. இங்கே அந்த ஒரு மாதத்திலும் முதியோர் ஓய்வூதியக் காசோலை, பிள்ளைக் கொடுப்பனவுக் காசோலை இரண்டையும் வேலைநிறுத்தத்துக்குள்ளேயே விநியோகித்தோம். யூனியனும் நிர்வாகமும் முன்கூட்டியே உடன்பட்ட விஷயம் அது. காசோலை மட்டும் போகும், மற்ற எல்லாம் நிற்கும். அதனால் எங்கள் மேல் கோபமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். நத்தார் காலத்தில் சின்னக் கடைக்காரர் எல்லாரும் திட்டினார்கள், மருதமுனை நானா மாதிரி. ஆனால் கிழவியின் காசை நிறுத்தினீர்கள் என்று ஒருவரும் சொல்ல முடியவில்லை.

எங்கள் கனடா யூனியன் மென்மையான யூனியன் இல்லை. 1978இல் வேலைக்குத் திரும்பு என்ற சட்டத்தை மீறினதற்காக அதன் தலைவர் பிறகு சிறைக்குப் போனார். 1981இல் 42 நாள் நின்று, பெண்களுக்குச் சம்பளத்தோடு 17 கிழமை பிரசவ விடுமுறை எடுத்துக் கொடுத்தது. அது பிறகு மற்ற வேலையிடங்களுக்கும் பரவியது. என் மனைவி தபாலில் இல்லை, ஆனால் மகள் பிறந்தபோது அவள் வீட்டில் இருந்த மாதங்களுக்கு வேர் அங்கேதான் என்று கூடவே வேலை செய்கிற கிழவர் ஒருவர் சொல்வார்.

மருதமுனை_சாரம் | ஆகஸ்ட் 28, காலை 7.05

நம்மட டொக்டர்மார் ஸ்ட்ரைக் அடிக்கும்போதும் அப்படித்தானே. பிள்ளை ஆஸ்பத்திரி, பிரசவ ஆஸ்பத்திரி, புற்றுநோய் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு அடிப்பார்கள். தபால்காரர் மட்டும் ஏன் முதியோர் காசையும் ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் விட்டு வைக்கக் கூடாது?

பழைய_கந்தோர் | ஆகஸ்ட் 28, காலை 9.30

கேட்க நன்றாக இருக்கிறது. நான் மறுபக்கம் சொல்கிறேன்.

2020இல் கொரோனா முடக்கத்தில் கிளினிக் மருந்தை வீடு வீடாகக் கொண்டுபோனது தபால்காரர்தான். ஊரே பாராட்டியது. அதை விட்டுவிடுங்கள், முதியோர் காசை விட்டுவிடுங்கள், பரீட்சைக் கடிதத்தை விட்டுவிடுங்கள், வாக்காளர் அட்டையை விட்டுவிடுங்கள், பொலிஸ் தண்டம் கட்டுகிற கவுண்டரை விட்டுவிடுங்கள். பிறகு நிறுத்த என்ன இருக்கிறது? வங்கிக் கூற்றும் திருமண அழைப்பும். அமைச்சர் ஆறு மாதம் என்றாலும் காத்திருப்பார். கனடாவில் பார்சலுக்குள் காசு இருக்கிறது, அதை நிறுத்தினால் கம்பனிக்கு வலிக்கும். எங்களிடம் வலிக்கக்கூடிய ஒரே இடம் ஏழையின் கை. அந்தக் கையை முறுக்கித்தான் அமைச்சரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஸ்காபரோ_தம்பி | ஆகஸ்ட் 28, காலை 9.52

அப்படியென்றால் முறுக்குவதை விட்டுவிட்டு வேறு வழி பார்க்க வேண்டாமா ஐயா? கவுண்டரில் காசு வாங்காமல் சேவையைக் கொடுக்கலாம். கடிதம் போகும், முத்திரைக் காசு அரசாங்கத்துக்குப் போகாது. சில நாட்டில் பஸ்காரர் டிக்கெட் கொடுக்காமல் பஸ் ஓட்டுவார்கள்.

முன்னறைக்_கந்தோர் | ஆகஸ்ட் 28, பகல் 12.40

தம்பி, அடுத்த நாளே கணக்குப் பரிசோதகர் வருவார். ஐம்பது ரூபாய் முத்திரை குறைந்தாலும் நான்தான் கட்ட வேண்டும். வேலைநிறுத்தம் செய்தால் சம்பளம் வெட்டுவார்கள், நீங்கள் சொல்வதைச் செய்தால் களவு வழக்குப் போடுவார்கள். கடமைக்கு வராமல் இருப்பதைவிட வந்து ஒழுங்கை மீறுவது இந்தத் திணைக்களத்தில் பெரிய குற்றம்.

ஆனால் முதியோர் காசு விஷயத்தை நான் எங்கள் கிளைக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். ஐயா கோபிக்க வேண்டாம். ஐயா சொன்ன கணக்கு விளங்குகிறது. ஆனால் அந்த மாமியின் வீட்டைத் தாண்டித்தான் நான் கிணற்றடிக்குப் போக வேண்டும்.

எங்கள் கிளையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழர், முஸ்லிம்கள், அம்பாறை டவுன் பக்கத்துச் சிங்களவர் எல்லாரும் ஒரே கூட்டத்தில் இருக்கிறோம். கல்முனையில் ஒரு பிரதேச செயலகத்துக்காக வருடக்கணக்கில் சண்டை பிடிக்கிற ஆட்கள்தான். ஆனால் சந்தாவை ஒரே பொறுப்பாளரிடம்தான் கட்டுகிறோம். ஓவர்டைம் படிவம் திரும்பி வந்தால் மூன்று மொழியிலும் ஒரே கெட்ட வார்த்தை.

சும்மா_ஒருவன் | ஆகஸ்ட் 28, பகல் 12.58

அந்த வார்த்தை என்ன அக்கா 😄

களப்புக்காரன் | ஆகஸ்ட் 28, இரவு 10.15

நேற்று வீட்டுக்குப் போனேன். உறையைப் படமெடுத்து வந்தேன், ஐயா கேட்ட விபரம் இதோ.

கடிதத்துக்குள் திகதி: ஆகஸ்ட் 4. உறையின் முன்பக்க முத்திரை: ஆகஸ்ட் 15. பின்பக்கம் எங்கள் விநியோகத் தபாலகத்தின் முத்திரை: ஆகஸ்ட் 26.

பழைய_கந்தோர் | ஆகஸ்ட் 28, இரவு 10.31

நான் நினைத்தேன். 4ஆம் திகதி தட்டச்சு அடித்த கடிதத்தை 15ஆம் திகதிதான் தபாலில் போட்டிருக்கிறார்கள். பதினொரு நாள் அந்த நிறுவனத்து மேசையில் கிடந்திருக்கிறது. கையெழுத்து வைக்க ஆள் இல்லையோ, அனுப்புகிற பதிவேட்டில் ஏற்ற நேரமில்லையோ தெரியாது. 15 வெள்ளிக்கிழமை. வேலைநிறுத்தமே இல்லாவிட்டாலும் 19 செவ்வாய் அல்லது 20 புதன்தான் படுவான்கரைக்கு வந்திருக்கும். வியாழக்கிழமை பரீட்சை. இரவு பஸ்ஸில் ஓடியிருக்க வேண்டும்.

முப்பது வருடத்தில் இப்படி எத்தனையோ பார்த்தேன். எல்லாக் கந்தோர்த் தாமதமும் கடைசியில் தபால்காரரின் தலையில்தான் இறங்கும். படலைக்கு வருகிறவர் அவர் மட்டும்தானே.

மருதமுனை_சாரம் | ஆகஸ்ட் 28, இரவு 10.40

அது சரி ஐயா. ஆனால் 19ஆம் திகதி வந்திருந்தால் பிள்ளை போயிருக்கும்தானே? ஓடியாவது போயிருக்கும்.

பழைய_கந்தோர் | ஆகஸ்ட் 28, இரவு 10.44

ஓம். போயிருக்கும்.

வாகரைப்_பொடியன் | ஆகஸ்ட் 29, காலை 6.15

களப்புக்காரன் அண்ணன், இந்த உறைப் படத்தோடு அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். முத்திரைத் திகதியே சாட்சி. வேறு ஒரு திகதி தரத்தான் வேண்டும்.

களப்புக்காரன் | செப்டம்பர் 3, இரவு 8.50

இழையைத் தொடங்கினவன் என்ற முறையில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். தங்கச்சியே எழுதினாள். உறையின் இரண்டு பக்கப் படத்தையும் இணைத்து மின்னஞ்சலில் அனுப்பினாள். தொலைபேசியில் கேட்டபோது, எழுத்தில் தபால் மூலம் வந்தால்தான் கோவையில் போடலாம் என்றார்களாம். அதனால் நேற்று வெயிலுக்குள் நடந்து போய்ப் பதிவுத் தபாலிலும் போட்டுவிட்டு வந்தாள். கவுண்டரில் இருந்தவர் ஸ்ட்ரைக்கைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை, இவளும் கேட்கவில்லை. முகவரியில் ஒரு பிழை இருந்ததாம், அவர்தான் கண்டு திருத்தச் சொன்னாராம்.

முன்னறைக்_கந்தோர் | செப்டம்பர் 3, இரவு 9.20

ரசீதைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள் தம்பி. இலக்கம் தெளிவாக இல்லாவிட்டால் இப்போதே ஒரு படம் எடுத்து வைக்கட்டும், அந்தக் கடதாசி இரண்டு மாதத்தில் மங்கிவிடும். ஒரு கிழமையில் பதில் இல்லையென்றால் இலக்கத்தை எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள்.